உப்பு தேடி வந்த யானை

பிள்ளைகளே, நான் பயந்துபோன ஒரு காலைப் பொழுதைப் பற்றி எழுதுகிறேன். அன்றைய தப்பு யானையுடையது இல்லை, என்னுடையது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் எனக்கு வேலை. பச்சைத் தோல் கெட்டுப்போகாமல் இருக்க உப்புத் தடவி லாரியில் அனுப்புவார்கள். அதை உதறி, உப்பைத் தட்டி எடுப்பது என் பிரிவின் வேலை. தோலுக்குக் கீழே விரிக்கிற கித்தான் துணி பழசானால் தூக்கிப்போட எங்களுக்கு மனசு வராது. அதை வெட்டி, ஷூ தைக்கிற நூலாலேயே பை தைத்துக்கொள்வோம். எங்கள் தெருவில் ரேஷனுக்குப் போகிற பைகளில் பாதி அப்படித்தான். தோளில் மாட்டுகிற வார் அறவே அறாது.

போன வருடம் கம்பெனி லீவில் மனைவியையும் ஐந்தாவது படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு நீலகிரி அடிவாரத்துக் காட்டுக்குப் போனேன். பக்கத்து ஏலகிரி மலையை நாலு தடவை பார்த்தாயிற்று, நிஜ யானை பார்க்க வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். அப்படித் தைத்த ஒரு பையில்தான் தண்ணீர் பாட்டிலும் ஸ்வெட்டரும் வைத்தேன்.

"இன்னாத்துக்கு இந்தப் பையி? வாடை அடிக்குது," என்றாள் மனைவி.

முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பதினெட்டு வருடம் அந்த வாடையிலேயே நின்ற மூக்கு. இரண்டு தடவை துவைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, காட்டுக்குள் கூட்டிப்போகிற ஜீப்பின் குலுக்கலில் கீழே விழாதபடி மகளுக்குக் குறுக்காக மாட்டிவிட்டேன்.

ஜீப்பில் ஏறும்போதே, கூட வந்த வழிகாட்டி பையைத் திறந்து பார்த்தார். தின்பண்டம் இல்லை என்றதும் விட்டுவிட்டார்.

ஒரு வளைவில் மூங்கில் ஓரமாக ஒரு பெண் யானை நின்று மேய்ந்தது. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். பின்னால் இன்னொரு ஜீப் வந்து ஒட்டி நின்றது. யானை துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டியது. பிறகு மூங்கிலை விட்டுவிட்டு நேராக எங்களை நோக்கி நடந்து வந்தது. பின்னால் போக வழியில்லை.

வழிகாட்டியின் முகம் மாறிவிட்டது. பை எதில் தைத்தது என்று குரலை அடக்கிக் கேட்டார். உப்புத் தோலுக்கு விரிக்கிற கித்தான் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

"யாரும் அசையாதீங்க. பாப்பா மேலருந்து அத எடுத்துருங்க சார். மெதுவா."

அதற்குள் துதிக்கை ஜீப்பின் பக்கக் கம்பிக்கு மேலாக உள்ளே வந்துவிட்டது. ஈரமான அதன் நுனி பையைத் தடவிப் பார்த்தது, சுற்றிப் பிடித்தது, இழுத்தது. அதற்கு அது மெதுவான இழுப்புதான். என் மகள் சீட்டிலிருந்து பாதி எழும்பிவிட்டாள்.

"அப்பா, இழுக்குது."

"கையத் தூக்காதம்மா. தலைய மட்டும் குனி. அப்பா எடுத்துர்றேன்."

வார் அவள் சடையில் சிக்கியிருந்தது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இன்னொரு இழுப்பு. நான் போட்ட தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. பிரிந்துவிடு, பிரிந்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். யானை மறுபடி முகர்வதற்காகப் பிடியைத் தளர்த்தியது. அந்த ஒரு கணத்தில் வாரைச் சடையிலிருந்து விடுவித்து, அவள் தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன். பை போயிற்று.

யானை அதைத் தரையில் போட்டுத் தடவ ஆரம்பித்தது. வழிகாட்டி கையைக் காட்ட, பின்னால் நின்ற ஜீப் பின்வாங்கியது. நாங்களும் ரிவர்ஸிலேயே விலகிப் போனோம்.

உப்பு மண்ணுக்காக யானை எவ்வளவு தூரமும் நடக்கும் என்றார் வழிகாட்டி. யானை போனதும் வனத்துறை ஆட்களே போய்ப் பையை எடுத்துவிடுவார்களாம். திட்டவில்லை. மனைவி மகளின் கழுத்தில் சிவந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயந்துட்டியாப்பா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். "ஆமாம்மா. ரொம்ப," என்றேன்.

"நானுந்தான்," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.