காத்தவராயன் குறை சொன்ன எண்ணெய்கள்

பஞ்சாலையில் நெடுங்காலம் எண்ணெய் விட்டவருக்கு எண்ணெயைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஊர் நினைத்தது. காத்தவராயனும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தார். நூல் சுற்றும் கதிர் காய்ந்து கத்தினால் எண்ணெய் விட வேண்டும். அப்புறமும் கத்தினால் இன்னும் கொஞ்சம் விட வேண்டும். இதற்கு மேற்பட்ட சாஸ்திரம் எதையும் ஆலை அவரிடம் கேட்டதில்லை. ஆட்குறைப்பில் வேலை போனபோது கையில் மிஞ்சியது இந்தச் சாஸ்திரம்தான். அதை நம்பி, ஊரார் மரியாதையாக ‘முசே’ என்று அழைத்த தேவதாஸின் உல்லாசப் படகுக்கு மெக்கானிக்காகப் போய்ச் சேர்ந்தார்.

தேவதாஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய வருஷம், மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தப் படகையும் அதன் பின்புறம் மாட்டும் மோட்டாரையும் வாங்கினார். மீன் பிடிக்கவும் இல்லை, சரக்கு ஏற்றவும் இல்லை. அரியாங்குப்பம் ஆற்றில் சாயங்காலம் காற்று வாங்க.

“காத்து சும்மாதானே வருது? அத வாங்க மோட்டாரு இன்னாத்துக்கு?” என்று கேட்டாள் காத்தவராயனின் மனைவி குஞ்சம்மாள்.

“சும்மா வர்ற காத்துல நமக்கு இன்னாடி வேலை கெடைக்கும்?” என்றார் காத்தவராயன். நியாயமான பதில்தான்.

வெள்ளைக்காரர் கிளம்பும்போது மோட்டாரைப் பராமரிக்கும் விதத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். தேவதாஸ் அதைத் தமிழாக்கித் தந்தார்.

“எசான்ஸுல, அதான் பெட்ரோல்ல, எண்ணெய் கலந்து ஊத்தணும். பூஜிய அடிக்கடி கழுவணும்.”

“பூஜைங்களா முசே?”

“பூஜி! மெழுகுவத்தி.”

காத்தவராயன் மோட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மெழுகுவத்தி எதையும் காணோம். தேவதாஸ் ப்ளக்கைத் தொட்டுக் காட்டினார். “நெருப்புப் பொறி வர்றது இதுலதான். வெள்ளைக்காரன் பாஷையில ரெண்டுக்கும் ஒரே பேரு.”

“எதுல கழுவணும்?”

தேவதாஸ் கொஞ்சம் யோசித்தார். வெள்ளைக்காரர் சொன்னது ‘பெத்ரோல் லாம்பான்’. பட்டாளத்தில் தேவதாஸ் கற்ற பிரெஞ்சு, இடப்பக்கம் திரும்பவும் வலப்பக்கம் திரும்பவும் மேலதிகாரிக்கு வணக்கம் சொல்லவும் குறைவில்லாமல் உதவும். அவர் இருந்த முகாம்களில் எரிந்தது மின்சார விளக்கு. ஆகவே இந்தச் சொல்லுக்கு அங்கே வேலை இருந்ததில்லை. “லாம்ப்னா விளக்கு. பெத்ரோல், அது ஒரு எண்ணெய். விளக்கெண்ணெய்!” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பிசகில்லாத மொழிபெயர்ப்பு.

மெழுகுவத்திக்கு விளக்கெண்ணெய் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று காத்தவராயனுக்கும் பட்டது. வயிறு கட்டினால் கொடுக்க வீட்டில் வைத்திருந்த புட்டி ஆற்றங்கரைக்குப் போயிற்று. ப்ளக்கை அதில் முக்கி எடுத்துப் பக்தியோடு மாட்டினார். மோட்டார் இருமியது, முனகியது, நடு ஆற்றில் போய் நின்றது. நின்றதும் அவர் என்ன செய்வார்? ப்ளக்கைக் கழற்றி மறுபடியும் விளக்கெண்ணெயில் முக்குவார்.

பழி பெட்ரோலில் கலக்கும் எண்ணெய் மேல் விழுந்தது. ஆலை நண்பர்கள் தந்த கதிர் எண்ணெய் தண்ணீர் போல இருக்கிறது என்று தள்ளப்பட்டது. லாரிப் பட்டறை பலராமன், “மோட்டாருன்னா எங்க எண்ணெய்தான் மாமா” என்று கெட்டியான ஒன்றைக் கொடுத்தான். அது புகையை மட்டும் பெருக்கியது. தேவதாஸ் மதராஸிலிருந்து மூடி முத்திரையிட்ட டின் ஒன்றை வரவழைத்தார். அந்த எண்ணெய்க்கும் அதே கதிதான். தேங்காய்த்திட்டு மீன்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வருவது வாடிக்கையாயிற்று.

“மெக்கானிக்கு, கயித்துக்கு எண்ணெய் போட்டியா?” என்று கேட்பார்கள். காத்தவராயன் சிரிப்பார். கரை சேர்ந்ததும் மறுபடியும் புட்டியைத் திறப்பார்.

ஆடித் தேர் நெருங்கியது. வீராம்பட்டினம் அம்மன் தேருக்கு மாதா கோயில்காரரான தேவதாஸ் போவதில் யாருக்கும் வியப்பில்லை. பிரெஞ்சுக் கவர்னரே வடம் தொட்ட தேர் அது. தேவதாஸ் கண்டிப்பாகச் சொன்னார்: “மச்சினரு குடும்பத்தோட வர்றாரு. அன்னிக்கும் நடு ஆத்துல நின்னுதுன்னா படகை வித்துடுவேன். நீ வேற எடம் பாத்துக்க, காத்தவராயா.”

வேறு இடம் எங்கே இருக்கிறது? ஆலை வாசலில் அவரைப் போலவே வேறு இடம் தேடுகிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

தேரன்று காலை வீட்டில் விளக்கெண்ணெய்ப் புட்டியைக் காணோம்.

“பக்கத்து வூட்டு தனக்கொடி கொழந்தைக்கு வயிறு கட்டிக்கிச்சி. குடுத்துட்டேன்” என்றாள் குஞ்சம்மாள்.

“இன்னிக்குப் பாத்தா? எம் பொழப்பே அதுல இருக்குதுடி!”

“உங்க தேரு பாத்துக்கிட்டா கொழந்தைக்கு வயிறு கட்டும்? இருங்க. இன்னா எண்ணெய்ன்னு சொன்னாரு உங்க முசே?”

“விளக்கெண்ணெய்.”

“நம்ம வூட்டு வெளக்குல அதையா ஊத்துறோம்? கிருஷ்ணாயில்தானே? வெளக்குக்கு ஊத்துறது வெளக்கு எண்ணெய்தான், எடுத்துக்கினு போங்க.”

கோபத்தில்தான் மண்ணெண்ணெய்ப் புட்டியைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். கரையில் ப்ளக்கை அதில் கழுவியபோது பிசினும் கரியும் கரைந்து ஓடி, உள்ளேயிருந்து புதுக்காசு போல ஒன்று வெளியே வந்தது. மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமிய உறுமலில் அவரே பின்வாங்கினார்.

அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கிற்று. வெள்ளைக்காரர் சொன்னது விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை. தான் குறை சொன்ன எண்ணெய்களில் முக்கால்வாசி குற்றமற்றவை. மோட்டாரின் வாயில் தினமும் பேதி மருந்து ஊற்றியவர் தானேதான். ஊற்றச் சொன்னவர் வெள்ளை வேட்டியில், மச்சினரோடு கரையில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

படகு நிற்காமல் போயிற்று. தேவதாஸின் மார்பு விரிந்தது. “மதராஸ் எண்ணெய். நான் தேர்ந்தெடுத்தது” என்றார்.

மச்சினர் பின்னால் மோட்டாரருகே இருந்த காத்தவராயனிடம் திரும்பினார். “அதுதான் காரணமாப்பா? இத்தன நாளு நின்னுக்கிட்டே இருந்துச்சின்னாங்களே.”

இப்போது ஒரு வார்த்தை சொன்னால் காத்தவராயனின் மானம் மீளும். தேவதாஸின் பிரெஞ்சு ஆற்றில் மூழ்கும். பென்ஷனை விட்டால் பட்டாளம் அந்த மனுஷருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான். சொல்லாவிட்டாலோ, நின்ற நாளெல்லாம் மெக்கானிக்கின் குற்றமாகவே நிற்கும்.

“எண்ணெய் நல்ல எண்ணெய்ங்க” என்றார் காத்தவராயன். “ப்ளக்கையும் முசே சொன்னபடிதான் கழுவுனேன். விளக்கு, எண்ணெயில.”

இரண்டு சொல்லுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளியில் ஒரு ஆள் புகுந்து போகலாம். மச்சினருக்கு அது கேட்கவில்லை. தேவதாஸுக்குக் காது மந்தம். ஆனால் மூக்கு கூர்மை. காத்தவராயனின் கையிலிருந்து வந்த மண்ணெண்ணெய் வாடையை அவர் ஒருமுறை இழுத்தார். முகம் சிவந்தது. வீராம்பட்டினக் கரையில் கொட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

இறங்கும்போது மச்சினர் குடும்பத்தை முன்னே போகவிட்டு அவர் பின்தங்கினார்.

“காத்தவராயா.”

“முசே?”

“நாளைக்கு ஒரு டின் கிருஷ்ணாயில் வாங்கி வச்சிடு. படகுக்குன்னு தனியா.” வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேர்த்தார்: “ஞாயித்துக்கிழமை முகத்துவாரம் வரைக்கும் போவலாம்.”