முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி

செயற்கை நுண்ணறிவில் எந்தப் பள்ளிக்குத் திறமை அதிகம் என்று மாவட்டம் முழுக்கச் சோதித்துப் பரிசு கொடுக்க, திண்டிவனத்தில் நான் பிளஸ் டூ படித்த பள்ளிக்கு ஒரு சார் வந்தார். எல்லோரும் வீட்டு போனைக் கொண்டுவர வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. எந்திரத்திடம் என்ன கேட்பது என்பதையும் முன்கூட்டியே போர்டில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்தார். ஏரி மாசுபடாமல் இருக்க வழி சொல், அதுதான் கேள்வி. ஒப்பிக்காதவர்கள் வெயிலில் நின்றார்கள்.

சோதனையன்று வகுப்பு முழுக்க அதையே தட்டியது. நாலைந்து போன் பார்த்ததும் வந்தவருக்குக் கடுப்பாகிவிட்டது. வீட்டில் நிஜமாக என்ன கேட்டீர்கள் என்று காட்டச் சொன்னார். போன்களை வாங்கிப் பெரிய திரையில் இணைத்து, பழைய கேள்விகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். சினிமா, முகப்பரு, கிரிக்கெட். அடுத்தது என் முறை. அது அப்பாவின் போன். அவருக்கு அதில் பேச மட்டும்தான் தெரியும் என்ற தைரியத்தில் நான் எதையும் அழிக்கவில்லை.

திரையில் வந்தது இதுதான்: "நான் பிளஸ் டூ படிக்கிறேன். என் அம்மாவின் தம்பிக்கு என்னைக் கட்டிவைக்கப் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு நர்சிங் படிக்க வேண்டும். அப்பாவுக்குக் கோபம் வராதபடி சொல்ல நாலு வரி எழுதிக் கொடு."

வந்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நிலைமை இருக்கிறது, யாரிடம் சொல்வது என்பது இருக்கிறது, எத்தனை வரி என்பதும் இருக்கிறது, கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும் என்றார். டீச்சரை விட்டு உரக்கப் படிக்கவைத்தார். முழு மதிப்பெண். கைதட்டச் சொன்னார், தட்டினார்கள், பாவிகள். அது ஒருத்தியின் தலையெழுத்து என்று அந்தப் படித்த முட்டாளுக்கு உறைக்கவே இல்லை. டீச்சருக்கு உறைத்தது. ஆனால் மாவட்டத்தில் முதலிடம் கிடைக்கும்போது அவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்?

எங்கள் தெருப் பெண் ஒருத்தி அதே வகுப்பு. ஒலக்கூர் பக்கம் போகும் பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதற்குள் வீட்டுக்குச் சேதி போய்விட்டது. பொழுது சாயும் முன்னே என்னைக் கட்டிக்கொள்ள இருந்த மாமாவும் கெடாரிலிருந்து பைக்கில் வந்து நின்றார். நான் மறுத்தது அப்பாவுக்குப் பெரிதாகப் படவில்லை. வீட்டு விஷயத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்பதுதான் அவர் ஆத்திரம். போனை மாமாவிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார்.

அந்த நாலு வரியை மாமா படித்தார். அப்பா, உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. மூன்று வருஷம் படிக்க விடுங்கள். நாளைக்கு உங்களுக்கு ஒன்றென்றால் பக்கத்தில் இருந்து பார்ப்பவள் நான்தான். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன். அப்பா தலை குனிந்துகொண்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷம், பிழைத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

"இத எழுதுனது யாரு?" என்று அப்பா கேட்டார்.

போன்தான் என்றேன்.

"பெத்த அப்பன்கிட்ட நாலு வார்த்த சொந்தமா பேசத் தெரியல. நீ நர்சா போயி யாரு உசுர காப்பாத்தப் போற?"

எனக்குப் பதினெட்டு முடிந்த மறுவாரம் திருவக்கரைக் கோயிலில் மாமாவோடு கல்யாணம். அதற்குப் பிறகு, பரிசு வாங்க விழுப்புரத்துக்கு வரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டபோது மாமாதான் போனை எடுத்தார். "அவ ஊர்ல இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பக்கத்தில்தான் மல்லாட்டை உரித்து, கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.