டிகிரி அக்காவும் மூன்றாவது ஊசியும்

டிகிரி அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அந்தப் பெயர் வந்தது சட்டைப்பையில் எந்நேரமும் செருகியிருக்கும் தெர்மாமீட்டரால். உறைய வைத்த காய்கறிகளை மலைமலையாக அடுக்கி வைக்கும் குளிர்கிடங்கில் பத்தொன்பது வருடமாகக் குளிர் பார்க்கிற வேலை அவருக்கு. லாரி வந்து நின்றதும் ஒரு பெட்டியைப் பிரிப்பார். பட்டாணிக்குள் கம்பியைக் குத்துவார். மைனஸ் பதினெட்டு காட்டினால், பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பனிப்பூ படத்துக்குக் குறுக்கே நீலப் பேனாவால் ஒரு சாய்கோடு இழுப்பார். கோடு விழுந்த பெட்டி உள்ளே போகும், விழாத பெட்டி குப்பைக்குப் போகும். முதலாளியே வந்து பல்லை இளித்தாலும் அந்தக் கோடு விழாது.

சுமை இறக்குகிறவர்கள் கெஞ்சிப் பார்ப்பார்கள்.

"பாக்க நல்லாத்தானேக்கா இருக்கு."

"பாக்கத்தான் நல்லா இருக்கும். ஒரு தடவை குளிர் தப்பிருச்சுன்னா உள்ள எல்லாம் போச்சு. தூக்கு, தூக்கு."

இந்த வார்த்தையை அக்கா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லுவார். அவர் உலகத்தில் எதிரி ஒன்றுதான்: சூடு. சூடு பட்டு வீணானதை வண்டி வண்டியாகப் பார்த்திருக்கிறார். குளிர் அதிகமாகி ஒரு பொருள் கெட்டது என்று யாராவது சொல்லியிருந்தால், தலையில் அடிபட்ட ஆள் என்று நினைத்திருப்பார்.

வேலையில் இத்தனை கறாரான மனுஷி, வாழ்க்கையில் ஒரே ஒரு கையெழுத்து விஷயத்தில் கோட்டை விட்டார். மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் கொடுத்தனுப்பினார்கள். பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி, பிற்காலத்தில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் காக்கும், செலவில்லை, பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும் என்று அதில் இருந்தது. அக்கா அந்தத் தாளைக் கிடங்குக்கு எடுத்துப்போய், பெண்கள் உடைமாற்றும் அறையில் காட்டினார். அங்கே இருந்த ஏழு பேரும் ஏழு விதமாகப் பேசினார்கள். பிள்ளை பிறக்காதாம் என்றாள் ஒருத்தி. சும்மா கிடைக்கிறதை நம்பாதே என்றாள் இன்னொருத்தி. வயசுக்கே வராத பிள்ளைக்கு இந்தப் பேச்சே எதற்கு என்றாள் பொட்டலம் கட்டுகிற அம்மாள். ஏழு பேரில் ஒருத்திகூட டாக்டரிடம் கேட்கலாம் என்று சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. 'விருப்பமில்லை' என்று முத்து முத்தாக எழுதி அனுப்பிவிட்டார். புருஷன் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பானோ என்னவோ. அவன் அதற்கு முந்தைய வருடமே போனவன், போனவன்தான். அவனைப் பற்றி இங்கே எழுத எனக்குப் பொறுமையில்லை.

அந்தத் தாளை அக்கா மறந்தே போனார். பன்னிரண்டு வருடம் கழித்துத் தங்கையின் கட்டிலருகே அது திரும்பி வந்தது.

தங்கை எழுதுபொருள் கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். நாள் தவறிய உதிரப்போக்கும் இடுப்பு வலியுமாக மாதக்கணக்கில் இருந்திருக்கிறாள். அக்காவுக்குத் தெரிய வந்து கேட்டால், "அடுத்த வாரம் டாக்டர்கிட்ட போறேங்கா" என்பாள். குரலில் ஒரு குறையும் இருக்காது, சிரித்துக்கொண்டேதான் சொல்லுவாள். அந்த அடுத்த வாரம் ஆறு மாதம் வரவில்லை. வந்தபோது கர்ப்பப்பை வாயில் புற்று முற்றிவிட்டது என்று டாக்டர்கள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்கள். முப்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் துணி மாற்றிவிட்டது அக்காதான். அப்போது வார்டு டாக்டர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"இதுக்குத் தடுப்பூசி இருக்கேம்மா. உங்க பொண்ணுக்குப் போட்டாச்சுல்ல?"

தான் முத்து முத்தாக எழுதியது எழுத்து எழுத்தாகக் கண்முன்னால் நின்றது.

காரியம் முடிந்து மூன்றாம் வாரம் மகளை இழுத்துக்கொண்டு தெருக்கோடி பெண் டாக்டரின் கிளினிக்குக்குப் போனார். மகளுக்கு அப்போது இருபத்துநாலு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள், வாய்த்துடுக்கு கொஞ்சம் உண்டு.

"சின்ன வயசுல போட்டிருந்தா பலன் ரொம்ப அதிகம்" என்றார் டாக்டர். "இப்ப போட்டாலும் பிரயோஜனம் இருக்கு. ஆனா உங்க பொண்ணு வயசுக்கு இலவசம் கிடையாது, தனியாத்தான் வாங்கிப் போடணும். மூணு ஊசி. ஆறு மாசத்துல முடிச்சிடலாம். அதுக்கப்புறமும் வயசுக்கேத்த பரிசோதனைய விட்டுடக் கூடாது."

"எதுக்கும்மா இவ்வளவு செலவு?" என்றாள் மகள்.

"நீ வாய மூடு" என்றார் அக்கா. செலவு அவருடையது என்பதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. மகள் சம்பளத்திலிருந்து ஒரு காசு கலந்தாலும் அந்தப் பழைய தாள் கிழியாது என்று அவருக்கு ஒரு கணக்கு.

முதல் ஊசியும் இரண்டாவது ஊசியும் கிளினிக்கில் இருந்த மருந்திலேயே முடிந்தன. அட்டையில் மூன்று கட்டங்கள், இரண்டில் தேதி ஏறிவிட்டது. அக்கா அந்த அட்டையை அரிசி டப்பாவின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தார், தினமும் கண்ணில் படும் என்று.

மூன்றாவது ஊசி நெருங்குகிற நேரத்தில் மகளுக்கு வேறு ஊரில் பெரிய கடையில் வேலை கிடைத்தது. ஒரு பகல் ஓடுகிற பஸ், ரெண்டு வருட ஒப்பந்தம். சனிக்கிழமை மத்தியானம் பஸ், அன்று காலை ஊசி என்று அக்கா முடிவு செய்தார். கிளினிக்கில் கேட்டால் நர்ஸ் கையை விரித்தாள்.

"எங்ககிட்ட ஸ்டாக் இல்லக்கா. வெளிய மருந்துக்கடையில வாங்கிட்டு வந்துடுங்க, போட்டுடறோம். குளிர்ல வச்சுக் கொண்டாங்க, அது முக்கியம்."

குளிரைப் பற்றி டிகிரி அக்காவுக்கே பாடம். அக்கா சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

நாலு கடை ஏறி இறங்கி வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு கடையில் கிடைத்தது. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் ஐஸ் பை ஒன்றோடு பொட்டலம் கட்டி, "உடனே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க" என்றார். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜின் லட்சணம் அக்காவுக்குத் தெரியும். கதவு ரப்பர் பிய்ந்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிற சாமான் அது. கரண்ட் வேறு இஷ்டத்துக்குப் போகும். இதற்குள் பால் வைக்கவே யோசிப்பவர், மகளின் உயிரை வைப்பாரா? ராத்திரி முழுக்க ஃபிளாஸ்கில் ஐஸ் மாற்றி மாற்றி வைத்திருந்து, வெள்ளிக்கிழமை விடிந்ததும் பொட்டலத்தைக் கிடங்குக்கு எடுத்துப் போனார்.

சூப்பர்வைசரிடம் சொல்லி அனுமதி வாங்கினார். மைனஸ் பதினெட்டு அறையில், காற்று நேராக அடிக்கிற மேல் தட்டில், யார் கையும் படாத மூலை பார்த்தார். வைப்பதற்கு முன் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது அவருக்கு மனசு நிறைந்துபோனது. சின்னதாக ஒரு பனிப்பூ, அதன் குறுக்கே ஒரு சாய்கோடு. இங்கேயும் யாரோ தன்னைப் போல ஒரு மனுஷி குளிர் பார்த்துக் கோடு இழுத்துத்தான் அனுப்பியிருக்கிறாள். கையுறை போட்ட விரலால் அதை ஒரு தடவை தடவிவிட்டு வைத்தார். அன்று முழுக்க எதற்காகவோ அந்த அறைக்குள் போய்ப் போய் வந்தார். ஜாக்கெட் போடாமல்கூட ஒரு தடவை ஓடினார்.

சனிக்கிழமை விடிந்ததும் அதை எடுத்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் வைத்துக்கொண்டு, மகளின் பெட்டி படுக்கையோடு கிளினிக்குக்குப் போய்விட்டார். கூட்டம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். ஃபிளாஸ்க் அக்காவின் மடியிலேயே இருந்தது.

நர்ஸ் மருந்தைப் பிரித்து, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பால் கலங்கினாற்போல வெளுப்பாக, போன இரண்டு தடவை பார்த்தது போலவேதான் இருந்தது. மகள் சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"ஃப்ரிட்ஜ்லதானே வச்சிருந்தீங்க?" நர்ஸ் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் அது.

"ஃப்ரிட்ஜா?" என்றார் அக்கா. அவருக்கு இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல இருந்தது. "எங்க கிடங்குல வச்சிருந்தேம்மா. மைனஸ் பதினெட்டு. ஒரு நாள் முழுக்க. கல்லு மாதிரி இருந்துச்சு. ஒரு டிகிரி ஏற விடல நான்."

நர்ஸின் கை நின்றது. ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டாக்டர் வந்தார். அதே கேள்வியைக் கேட்டார், அதே பதிலைக் கேட்டுக்கொண்டார்.

"உறைஞ்சா இந்த மருந்து வீணாயிடும்மா. குளிரா இருக்கணும், ஆனா உறையவே கூடாது. பெட்டியிலயே போட்டிருக்கே."

பனிப்பூவின் குறுக்கே இருந்த கோட்டைக் காட்டினார். அக்கா அந்தக் கோட்டையே பார்த்தார். பத்தொன்பது வருடமாக இழுத்த கோடு. அதற்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கலாம் என்று யார் கண்டது?

"இப்ப உருகிடுச்சே டாக்டர்" என்றார். "பாருங்க, கட்டி எதுவும் இல்ல. பாக்க நல்லாத்தானே இருக்கு."

"பாக்க நல்லாத்தாம்மா இருக்கும். உள்ள சத்து போயிருக்கும். இதப் போட்டா போட்டதா ஆகாது."

எத்தனை பேரை அக்கா இதே வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நர்ஸ் நல்ல பெண். தானாகவே ஆறு கடைக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் எங்கேயும் கிடையாது. பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. திங்கட்கிழமை வேலையில் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "போட்ட ரெண்டு ஊசி எங்கயும் போகல. மூணாவது கொஞ்சம் தள்ளிப் போனாலும் மறுபடி முதல்லருந்து போட வேண்டாம். அங்க போய் எங்கயாவது ஒரு டாக்டர்கிட்ட போட்டுக்கட்டும்."

நியாயமான வார்த்தைதான். கேட்டால் யாருக்கும் நிம்மதி வரும். அக்காவுக்கு வரவில்லை. ஒரு தடவை கையெழுத்துப் போடாமல் கெடுத்தார், இன்னொரு தடவை அக்கறையால் கெடுத்தார். இரண்டு தடவையும் மகள் ஒன்றுமே செய்யவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தாள்.

பஸ் நிலையத்தில் அட்டையை மகளின் கைப்பையில் உள் ஜிப்புக்குள் வைத்துப் பூட்டினார். வாங்குகிற காசையும் அனுப்புகிறேன் என்றார்.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றார். "ரெண்டு தடவையும் நான்தான்."

"விடும்மா. எனக்காகத்தானே பண்ண" என்றாள் மகள். அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். பஸ் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டி, "போன உடனே போட்டுக்கிறேன்" என்றும் சொன்னாள்.

போன உடனே என்பது ஒரு மாதமாகி, மூன்று மாதமானது. அக்கா பணம் அனுப்பிவிட்டார். கடைக்குப் பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியின் விலாசத்தைத் தானே யார் யாரிடமோ விசாரித்து அனுப்பினார். தானே பஸ் ஏறி வருகிறேன் என்றார். "நீ எதுக்கும்மா அலையற, எனக்கு லீவே இல்ல, வந்தாலும் சும்மா உக்காந்திருப்ப" என்று மகள் தடுத்துவிட்டாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துப் போக முடியாது. அந்தக் கையெழுத்துக்கும் இப்போது அம்மா தேவையில்லை.

கிடங்கில் ஏதோ மாறிவிட்டது என்று சுமை இறக்குகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். குளிர் தப்பிய பெட்டியை இப்போதும் அக்கா குப்பைக்குத்தான் அனுப்புகிறார். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்லுவதில்லை. பேசாமல் வாசலைக் காட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் பேசுவாள். சாப்பாடு, வாடகை அறை, கூட வேலை செய்கிறவள் அடிக்கிற குறட்டை எல்லாம் கேட்டுச் சிரித்த பிறகு, அக்கா கேட்பார். போன ஞாயிறும் கேட்டார்.

"ஊசி போட்டியா?"

"அடுத்த வாரம் போறேம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அக்கா ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். குரல் நல்லாத்தான் இருந்தது.