அண்ணாந்து குடித்தவர்

கல்பாக்கம் ஊழியர்களை ஏற்றிச் செல்லும் பேருந்தை ஓட்டிவந்து நிறுத்திவிட்டு இறங்கியதும் அண்ணன் தண்ணீர் குடிப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. பாட்டிலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அண்ணாந்து, மடமடவென்று ஊற்றிக்கொள்வார். உதட்டில் ஒரு சொட்டு படாது. கருங்குழியில் எங்கள் வீட்டில் எல்லோருமே அப்படித்தான். வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று அம்மா செம்பைப் பிடுங்கிக் கழுவப் போட்டுவிடுவார்.

போன வருடம் கழுத்தில் நரம்பு நசுங்கி, கை மரத்துப்போய் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாமல் ஆனதால் அண்ணனுக்குக் கழுத்து எலும்பில் அறுவை சிகிச்சை செய்தார்கள். முன்கழுத்தைக் கிழித்து, உணவுக்குழாயை ஓரமாக ஒதுக்கித்தான் எலும்பைத் தொடுவார்களாம். அதைக்கூட எங்களிடம் யாரும் முன்னால் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், எது குடித்தாலும் கண் பிதுங்குகிற இருமல். அறுவை செய்த மருத்துவமனைக்கு ஃபோன் செய்தால், "தொண்டை வீக்கம்தாம்மா, போகப்போக சரியாயிடும்" என்றது ஒரு குரல். லேசான ஆகாரம்தானே நோயாளிக்கு நல்லது என்று நாங்களும் கஞ்சித் தண்ணியும் இளநீருமாகக் கொடுத்தோம். அண்ணன் கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, பழக்கம் விடாமல் அண்ணாந்தே குடித்தார்.

குடித்தது நுரையீரலுக்குள் இறங்கிக் காய்ச்சல் வந்தது. செங்கல்பட்டில் வேறொரு மருத்துவமனையில் மூச்சுத் திணறிக் கிடந்தார். அங்கே விழுங்கும் பயிற்சி கொடுக்கிற பெண்தான் முதன்முதலாக, "எப்படிக் குடிப்பீங்க, காட்டுங்க" என்று கேட்டாள். அண்ணன் தலையைத் தூக்கியதும் கத்தியேவிட்டாள். "ஐயோ, நேரா மூச்சுக்குழாய்க்குல்ல போவுது! தாடைய நெஞ்சுல வெச்சு, வாய் வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க." ஏதோ பொடியைக் கலந்து, தண்ணீரையே கூழ் பதத்துக்குக் கெட்டியாக்கிக் கொடுத்தாள். இருமல் வரவில்லை. "இவ்ளோதானா பாப்பா? இத அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று அண்ணன் அவளைப் பார்த்து அழுதார்.

தேறிய பிறகு பரிசோதனைக்குப் போனோம். அறுவை செய்த மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்து, "ஸ்க்ரூ எல்லாம் அருமையா உக்காந்திருக்கு" என்று பூரித்தார். அண்ணன் பட்ட பாட்டைச் சொன்னேன். "அது ரொம்ப அபூர்வம்மா" என்றார். அபூர்வமாம்! அவருக்கு எத்தனையோ கழுத்து. எனக்கு ஒரே அண்ணன். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்ல எவ்ளோ நேரம் சார் ஆவும்?" என்று கேட்டேன். அவர் மணியை அழுத்தி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

உள்ளே வந்தவருக்கும் கழுத்தில் பட்டை. அடுத்த வாரம் அறுவையாம். கூட வந்திருந்த அவர் மனைவியின் கையைப் பிடித்து, மருத்துவர் காதில் விழும்படியே சொன்னேன்.

"ஆபரேசனுக்கு அப்புறம் இருமினாருன்னா சும்மா வுட்டுடாதீங்க, ஒடனே இட்டாந்து காட்டுங்க. அண்ணாந்து குடிக்க வுடாதீங்க. எச்சிலுன்னு எவனாவது சொன்னா சொல்லிட்டுப் போறான். இங்க யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க."