எங்கள் சந்தின் நகல் செம்பூரில் இருந்தது

தினமும் பகல் பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசிக்கு ஒரு வரி வரும்: "இன்றைய நகல் முடிந்தது." மும்பையின் செம்பூரில் பிரிசில்லா அக்கா வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தானாக அனுப்பும் செய்தி அது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது வரவில்லை. பன்னிரண்டு மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் போட்டேன். "என்னக்கா, உங்க மிஷின் இன்னிக்கு லீவா?" என்று எடுத்ததுமே கேட்டுவிட்டேன். எடுத்தது அவருடைய தம்பி சாமுவேல்.

"முருகேசு, அக்கா காலையில போயிட்டாப்பா. மூச்சு வாங்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல. வீட்டைப் பூட்டும்போது எல்லா ஸ்விட்சையும் அணைச்சிட்டு வந்தேன்."

அக்காவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆண்டாப் ஹில்லில் நம் சந்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதும், ஒரு மருத்துவமனையின் கோப்புப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நம் காகிதங்களுக்காக அவர் செய்ததில் பாதிதான் உங்களுக்குத் தெரியும். மீதியைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அதனால் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது படித்துக் காட்டுங்கள்.

நம் சந்து வீடுகளை இடித்துக் கட்டப்போகிறார்கள், பழைய குடியிருப்புக்காரர் என்று நிரூபிப்பவர்களுக்குத்தான் வீடு என்று பேச்சு வந்த வருஷம் தொடங்கியது இது. ரேஷன் கார்டு, பழைய கரண்ட் பில், வாக்காளர் பட்டியல் என்று ஒவ்வொரு வீட்டுக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து வைக்கும் வேலையைச் சந்துக் கமிட்டி என் ஜெராக்ஸ் கடையிடம் கொடுத்திருந்தது. பென்ஷன் படிவத்தை நகலெடுக்க வந்த அக்கா, என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கிய பென் டிரைவைப் பார்த்தார்.

"அது என்ன தம்பி, தாயத்தா?"

"எல்லாரு காகிதமும் அதுல இருக்குக்கா."

"அது தொலைஞ்சா?"

"கம்ப்யூட்டர்ல இருக்கு."

"கம்ப்யூட்டர் போச்சுன்னா?"

"அதான் பென் டிரைவ் இருக்கே."

"ரெண்டும் ஒரே கடையில இருக்கு. கடையே போச்சுன்னா என்ன செய்வீரு?"

அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து வந்து, என் கம்ப்யூட்டரில் உள்ளதெல்லாம் தினமும் ஒருமுறை இணையம் வழியாகத் தன் வீட்டுக்கு நகலாகும்படி செய்துவிட்டுப் போனார். அங்கே அவர் ஒரு பழைய அலுவலகக் கம்ப்யூட்டரை வாங்கி, இரண்டு டிஸ்க் போட்டு, ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். சர்வர் என்று நான் சொன்னால் சிரிப்பார். "அவ்வளவு பெரிய பேரெல்லாம் வேண்டாம், அது நம்ம வீட்டுப் பெட்டி" என்பார்.

பெட்டி ஆரம்பத்தில் சரியாகவே ஓடவில்லை. ஒரு வாரம் முழுக்கப் பாதியில் நின்று நின்று போயிற்று. நான் என் இணைப்பைக் குறை சொன்னேன், இணைப்புக்காரர் என் கம்ப்யூட்டரைக் குறை சொன்னார். அக்கா யாரையும் சொல்லவில்லை. நின்றுபோன நேரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினார். எல்லாம் பதினொன்றுக்கும் பதினொன்றேகாலுக்கும் நடுவில். மறுநாள் அந்த நேரத்தில் பெட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாமுவேல் கையில் சட்டையோடு வந்தார், பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், அயர்ன் பாக்ஸைச் சொருகினார். அக்கா உட்கார்ந்திருப்பதை அப்புறம்தான் பார்த்தார். அன்று முதல் அந்த ஸ்விட்சுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: "இதைப் பிடுங்குகிறவனுக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது." இழவு வீட்டில் அந்தச் சீட்டைக் காட்டித்தான் சாமுவேல் அழுதார்.

வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். வந்ததும் வரிசையில் நிற்கும் யாராவது ஒருவரிடம், "ஒங்க பேரென்ன?" என்று கேட்பார். அந்தப் பெயருக்கு உரிய காகிதத்தைச் செம்பூர் பெட்டியிலிருந்து இழுத்துத் திறந்து காட்டுவார். நகல் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொல்வதை அவர் நம்பவே மாட்டார். "வச்சிருக்கேன்னு யாரு வேணா சொல்லலாம். எடுத்துக் குடு பாப்போம்" என்பது அவர் பேச்சு.

அப்படி ஒருநாள் முத்துலட்சுமி என்ற பெயரைத் திறந்தார். காலி. இசக்கியம்மாள், காலி. அந்தோணி என்று நான் ஆங்கிலத்தில் அடித்திருந்தது மட்டும் இருந்தது. தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. ஆனால் பெட்டியின் பதிவுகளில் தினமும் எல்லாம் சரி என்றே எழுதியிருந்தது. நகலெடுக்கும் நிரலில் ஒரு பழைய அமைப்பு. தமிழ் எழுத்து அதற்குப் புரியாமல், சொல்லாமல் கொள்ளாமல் தாண்டிப் போயிருக்கிறது. "எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்திடுறேன்க்கா, ரெண்டு நாள்ல முடிச்சிருவேன்" என்றேன்.

"எதுக்கு மாத்தணும்?" என்றார். "முத்துலட்சுமி பேர்ல ஒரு கொறையும் இல்ல. மிஷின்தான் படிக்கக் கத்துக்கணும்."

நான்கு நாள் அதோடு மல்லுக்கட்டினார். நிரலைப் புதிதாகப் போட்டு, அமைப்பை மாற்றி, ஐந்தாம் நாள் என் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாய்விட்டு வாசித்துச் சரிபார்த்தார். தங்கள் பெயர் வந்ததும் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல.

இனிச் சொல்லப்போவது அக்கா உயிரோடு இருந்தபோது நான் வெளியே சொல்லத் தயங்கியது. அவர் தயங்கியதே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜூலை மழையில் நம் சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது நினைவிருக்கும். என் கடைக் கம்ப்யூட்டர் தரையில் இருந்தது, முழுகிப் போயிற்று. பென் டிரைவில் ஏற்றுவதை அக்காவின் பெட்டி வந்ததுமே விட்டிருந்தேன். பல வீடுகளில் டிரங்குப் பெட்டியில் இருந்த அசல் காகிதங்களும் கூழாகிவிட்டன. குடியிருப்பு விசாரணைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. தண்ணீர் வடிந்த அன்றே நான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு செம்பூர் போனேன். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஒவ்வொரு வீட்டுக் காகிதமாக எடுத்தோம். எல்லாம் இருந்தது, ஒருவருடையதைத் தவிர.

இட்லிக்கடை செல்லத்தாயின் கோப்பு இல்லை. புருஷன் இறந்தபிறகு தனியாக நின்று மூன்று பெண்களை வளர்த்தவர். மற்றவர்களெல்லாம் எப்போதோ கொடுத்துவிட, தயங்கித் தயங்கி மழைக்கு முந்தின வாரம்தான் தன் காகிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் வீட்டில் இருந்த அசலும் நனைந்து எழுத்து அழிந்துவிட்டது.

அக்கா பெட்டியின் பதிவுகளைப் பார்த்தார். மழைக்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு டிஸ்க்கை மாற்றுவதற்காக அவரே நகலெடுப்பை நிறுத்தி வைத்திருந்தார். டிஸ்க்கை மாற்றியாயிற்று. திரும்ப ஓடவிட மறந்துவிட்டார். நகல் தோற்றுப்போனால் எங்களுக்கு எச்சரிக்கை வரும். ஓடவே இல்லையென்றால் தோற்கவும் இல்லை; அதனால் எதுவும் வரவில்லை. நடுவில் வந்த வெள்ளிக்கிழமை அவர் திறந்து பார்த்ததும் பழைய பெயர் ஒன்றை. அது ஒழுங்காகத் திறந்தது.

மறுநாள் காலை என் கடை வாசலில், சேறு கழுவிக்கொண்டிருந்த எல்லோருக்கும் முன்னால், செல்லத்தாயிடம் போய் நின்றார்.

"செல்லத்தாய், ஒன் காகிதம் எங்கிட்ட இல்ல. ஓடிக்கிட்டிருந்தத நிறுத்துனேன், திருப்பிப் போட மறந்துட்டேன். தப்பு என்னோடது."

செல்லத்தாய் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போடவில்லை. "அப்ப என் வீடு?" என்றார்.

நான் நடுவில் புகுந்தேன். "மழை பெஞ்சிருச்சுக்கா, கரண்ட் வேற இல்ல, யாரு என்ன செய்ய முடியும்" என்று என்னவோ சொன்னேன்.

"முருகேசு, மழைய இழுக்காதீரும்" என்றார் அக்கா. "மழை முந்தாநாள் பெஞ்சது. நான் மறந்தது அதுக்கும் ஒம்போது நாளைக்கு முந்தி."

அவரை அப்படி யாரும் திட்டி நான் பார்த்ததில்லை. செல்லத்தாய் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். "பெரிய ஆபீசுல இருந்தவங்கன்னு நம்பிக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா நின்று கேட்டார். எல்லாம் முடிந்தபிறகு, "மூத்தவ எங்க பொறந்தா?" என்று கேட்டார்.

"இங்கனதான். முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில."

"அட்ரஸ் எது குடுத்தீங்க?"

"இந்தக் கோலி ரூம் நம்பரத்தான் அவுக குடுத்தாக."

"அப்ப எங்கயோ ஒரு ரெஜிஸ்டர்ல நீ இங்க இருந்தது எழுதியிருக்கு. வா, தேடுவோம்."

முனிசிபாலிட்டியின் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனோம். முதல் தடவை, அந்த வருஷத்துப் புத்தகத்தில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை எழுத்தர் விடுப்பு. மூன்றாம் தடவை போகும்போது பஸ்ஸில் செல்லத்தாயிடம் அக்கா துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே வந்தார். பிள்ளை பிறந்ததும் பதிந்தார்களா, யார் போனது, அப்போது மழையா வெயிலா என்று. பிள்ளை பிறந்த கையோடு ஊருக்குப் போய்விட்டதும், அடுத்த வருஷம் திரும்பி வந்தபிறகே புருஷன் போய்ப் பதிந்ததும் கடைசியில் செல்லத்தாய்க்கு நினைவு வந்தது. தாமதமாகப் பதிந்தவற்றுக்குத் தனிப் புத்தகம் இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். இத்தனை பழையது கிடைக்காது என்று எழுத்தர் இந்தியில் சொன்னார். அக்கா மராத்தியில், தானும் இந்த மாதிரிப் புத்தகங்களோடு முப்பது வருஷம் தும்மியவள்தான் என்றார். எழுத்தர் சிரித்துவிட்டார். உள்ளே கூட்டிப்போய் அலமாரியைத் திறந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து, தூசி படிந்த முகத்தோடு அக்கா ஒரு வரியில் விரலை வைத்தார். தகப்பன் பெயர், தாய் பெயர், நம் சந்து, கோலி எண்.

சான்றிட்ட அந்த நகலை விசாரணையில் ஏற்றுக்கொண்டார்கள். பட்டியல் ஒட்டிய அன்று செல்லத்தாயின் பெயர் அதில் இருந்தது. மறுநாள் காலை தூக்குச்சட்டியோடு செம்பூருக்குப் போன செல்லத்தாய் சொன்னதை அக்காவே என்னிடம் சொல்லிச் சிரித்தார்: "கோவம் போயிருச்சான்னு கேக்காதிய. இட்லி சூடா இருக்கு, சாப்பிடுங்க."

அதற்குப் பிறகுதான், தோற்றால் மட்டும் எச்சரிக்கை என்பதை மாற்றி, முடிந்தாலும் தினம் ஒரு வரி வரும்படி அக்கா செய்தார். அவர் போன ஐந்தாம் நாள் சாமுவேலே பெட்டியை மறுபடி ஓடவிட்டார். வெள்ளிக்கிழமைப் பெயரை இப்போது செல்லத்தாயின் மூத்த மகள் எடுத்துப் பார்க்கிறாள்.

அக்காவுக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வேலையில் கால்வாசிகூட எனக்குப் பிடிபடவில்லை. என்னிடம் தங்கியது வேறு. போன வாரம் தேவ்நாரிலிருந்து ஒருவர் தன் கல்யாணச் சான்றிதழை நகலெடுக்கக் கொண்டுவந்தார். ஒரே அசல். மேல் தட்டில் வைத்ததும் மிஷின் அதை உள்ளே இழுத்து இரண்டாகக் கிழித்துவிட்டது. ரோலர் தேய்ந்து ஒரு மாதமாகிறது, எனக்குத் தெரியும். காகிதம் பழசு, மடிப்பில் நைந்திருந்தது என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். இருபது வருஷமாக நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

"ரோலர் சரியில்லைன்னு தெரிஞ்சே போட்டேன். கிழிச்சது நான்" என்றேன்.

அவர் இந்தியில் நன்றாகத் திட்டினார். முழுக்கக் கேட்டேன். பிறகு சான்றிதழ் எந்த அலுவலகத்தில் பதிந்தது என்று விசாரித்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன்.