எஃபத்தின் கூப்பன் கோழி

குண்டு போட விமானம் வருகிறதென்று சங்கு அலறும்போதுகூட நிலவறைப் படிக்கட்டின் மேல்படியில் நின்றுகொண்டு, "நீங்க முதல்ல இறங்குங்க, நீங்க இருக்கும்போது நானா?" என்று உபசாரம் பண்ணக்கூடியவள் எங்கள் ஷிராஸ் நகரத்தில் எஃபத் ஒருத்திதான். பின்னால் நிற்கிறவர்களின் உயிர் ஊசலாடும். கடைசியில் அவள் புருஷன் நுஸ்ரத் முதுகில் கைவைத்துத் தள்ளினால்தான் வழி பிறக்கும்.

ஒரு பொருளை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், "உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்பது எங்கள் மரியாதை. மூன்று தரம் "ஐயோ, வேண்டாம்" என்பது எதிராளியின் மரியாதை. இந்தக் கணக்கில் எஃபத் தன் கம்மலை, ஜன்னல் திரையை, தையல் மெஷினை எல்லாம் வாயளவில் தெருவுக்கே தாரை வார்த்திருக்கிறாள். ஒருமுறை, "உன் வீட்டுக்காரர் ரொம்பப் பொறுமைசாலி" என்று யாரோ சொல்லிவைக்க, அவரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவரை மட்டும் முதல் தரத்திலேயே மறுத்துவிட்டார்கள்.

அண்டை நாட்டோடு சண்டை நீண்டுகொண்டே போனது. எண்ணெய், சர்க்கரை, கோழி எல்லாவற்றுக்கும் கூப்பன். ரேடியோவில் கூப்பன் நம்பர் சொன்னால் தெருவே கூடையோடு ஓடும். அந்த நேரத்தில்தான் போர்முனையிலிருந்து மகன் கீவான் போன் பண்ணினான்.

"அம்மா, வியாழக்கிழமை வர்றேன். ஒரு ராத்திரிதான் லீவு. புளிப்புச் செம்பழம் தூவின சோறும் கோழியும் பண்ணி வையேன். இங்க டப்பா மீன் தின்னு தின்னு நாக்கே செத்துப்போச்சு."

எஃபத் புதன்கிழமை விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றாள். பின்னால் நின்றவர்களிடம் "நீங்க போங்க" என்று சொல்லாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளாம், அவளே சொன்னது. கிடைத்த கோழி புறாவைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தவளுக்குத் தெருமுனையில் ஜமீலே எதிர்ப்பட்டாள். எல்லையோரத்துக் கொர்ரம்ஷஹரில் வீடு வாசலைக் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் பழைய பள்ளிக்கூடத்து அறையில் வந்து தங்கியிருந்தவள்.

"அடேயப்பா, கோழியா? நல்லா இருக்கே அக்கா!"

"உனக்குத்தான். எடுத்துக்கோம்மா."

"நெசமாவா அக்கா?"

இப்படி ஒரு பதிலை எஃபத் ஜென்மத்தில் கேட்டதில்லை. வாய் பழக்கத்தில் தானாக ஓடியது. "பின்னே? உன் பிள்ளைங்க வேற, என் பிள்ளை வேறயா?"

ஜமீலே இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக் கோழியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எஃபத்தின் கைகள் மட்டும் ஏந்தினபடியே நின்றன.

விஷயம் கேட்டு நுஸ்ரத் தலையில் அடித்துக்கொண்டார். "இது வாயா, வாய்க்காலா! இரு, நான் போய் வாங்கிட்டு வர்றேன். எனக்கு உன்னை மாதிரி வெட்கம் கிட்கம் கிடையாது."

மார்பை நிமிர்த்திக்கொண்டு போனார். வெறுங்கையோடு வந்தார்.

"கோழி எங்க?"

"கேட்டேன்டி. 'கோழி பத்திரமா இருக்காம்மா'ன்னு கேட்டேன். இருக்குன்னு சந்தோஷமா சொன்னா."

"அப்புறம்?"

"வெறுங்கோழியை எப்படித் திங்கும் அந்தப் பிள்ளைங்க? நம்ம அரிசியில பாதி அனுப்பறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எஃபத்துக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. பிள்ளை ஒரு வேளை சாப்பிட வருகிறான், அந்த ஒரு வேளையையும் இந்தப் பாழும் வாய் தின்றுவிட்டதே என்று தலைத்துணி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அரிசியையும் அளந்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை கீவான் வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு வதங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எஃபத்துக்குத் தாங்கவில்லை. அப்போது கதவைத் தட்டினாள் ஜமீலே.

"அக்கா, தம்பி வந்திருக்காமே? உங்க அரிசியும் கோழியும்தான், ஆக்கி இறக்கிட்டேன். எல்லாரும் வாங்க."

"உங்களுக்கு எதுக்கம்மா சிரமம்..." என்று நுஸ்ரத் ஆரம்பித்தார். எஃபத் அவர் தொடையைக் கிள்ளினாள்.

"வர்றோம்" என்றாள். ஒரே தரத்தில். வெளியே போகப் போர்த்தும் சாதரை அதற்குள் தலையில் போட்டாயிற்று.

பள்ளிக்கூடத்து அறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளித் தரையில் துணி விரித்திருந்தாள். கோழிக்காலை எடுத்துக் கீவான் தட்டில் வைத்தாள் ஜமீலே.

"ஐயோ, எனக்கு வேணாம்க்கா, பிள்ளைங்களுக்கு வைங்க."

"சாப்பிடு தம்பி."

"சத்தியமா வேணாம்க்கா."

தாய் வளர்த்த வளர்ப்பு, எங்கே போகும்? ஜமீலே சிரித்தாள். "எனக்கும் இப்படியெல்லாம் பேசத் தெரியும் தம்பி. இங்க வர்றதுக்கு முன்னால அகதிக் கூடாரத்துல கிடந்தோம், அங்க ஒரு தரம் வேணாம்னா அடுத்த கைக்குப் போயிடும். அதான் எனக்கு விட்டுப்போச்சு."

கீவான் மறுபடி வாயைத் திறந்தான். எஃபத் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் திடுக்கிட்டன.

"போதும்டா! விடிஞ்சா உனக்கு பஸ்ஸு. எந்த மண்ணுல போய்ப் படுப்பியோ, எப்ப வருவியோ! மூணு தரம் வேணாம்னு சொல்ல நேரம் இருக்கா உனக்கு? தின்னு. என் கண் முன்னால தின்னு!"

கீவான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். எஃபத் தன் தட்டில் இருந்ததையும் அள்ளி அவனுக்கு வைத்தாள். அவன் மறுக்கவில்லை.