போன் காட்டாத அறிவிப்பு

பிள்ளைகளே, கல்லூரியில் சேரக் கடைசித் தேதி முடிந்து உங்கள் அக்காவுக்கு ஒரு வருடம் வீணான அன்று, போளூரிலிருந்து பஸ்ஸில் போனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பக்கத்தில் ஒரு நரைத்த மீசைக்காரர். தன் போனில் நாலு வரி படித்ததும் சட்டைப் பையில் போட்டுவிடுவார்; விரலால் தள்ளிக்கொண்டே இருக்கமாட்டார்.

“தெனம் பார்த்துகினுதாங்க இருந்தேன். எம் பொண்ணு சேர வேண்டிய காலேஜ் நோட்டீஸ மட்டும் இந்த போன் காட்டவேயில்ல!” என்றேன்.

“போனுக்கு உன் பொண்ணு மேல என்னய்யா அக்கறை?” என்று சீறினார். “ஃபீடு ஆப்னு ஒண்ணு இருக்கு, நாம சொல்ற வெப்சைட்ட மட்டும் காட்டும். அதுல காலேஜ் வெப்சைட் அட்ரஸப் போட்டு வை. அங்க புதுசா எது போட்டாலும் தானா வந்துடும். நடுவுல எவனும் மறைக்க முடியாது.”

பெயர் கேட்பதற்குள் இறங்கிவிட்டார். ஒரு மாதம் முன்பே என் கண்ணில் படாமல் போன அவர்மேலும் கோபம் வந்தது.

வீட்டில் தறியில் தனியாக உட்கார்ந்து அந்த முகவரியைச் சேர்த்தேன். முதலில் வந்து நின்றது நாம் தவறவிட்ட அதே அறிவிப்பு. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டேன்.